கதை எழுதவும் ஒரு பட்டம்!

(பத்தாம் வகுப்பு மாணவி)

"மேலே என்ன படிக்கப் போகிறாய்?"

பத்தாம் வகுப்பில் காலடி எடுத்து வைத்த நாள் முதல் நாங்கள் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்ட கேள்வி இது. கோயில் வாசலிலும் கலியாண வீட்டிலும் பஸ் நிறுத்தத்திலும் இதே கேள்விதான். டாக்டர், இன்ஜினீயர், ஆடிட்டர் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித் தப்பித்துக் கொள்வோம். ஆனால் இந்த ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு நாள் எங்கள் வகுப்பில் ஒருத்தி எழுந்து நின்று, "கதை எழுதப் படிக்கப் போகிறேன், சிஸ்டர்" என்று சொல்லிவிட்டாள். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நாங்களும் சிரித்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக் கொள்கிறோம்.

ஆங்கிலம் கற்பிக்கும் சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படி ஒரு படிப்பு உண்டு. அதில் எப்படிச் சேருவது என்று கண்டுபிடித்து ஆண்டு மலருக்கு எழுதுங்கள். சிரித்ததற்கு அதுதான் அபராதம்" என்றார்கள். அந்த அபராதம்தான் இக்கட்டுரை.

எங்களுக்கு வழிகாட்டியவர் நம் பள்ளியின் பழைய மாணவி ஒருவர். அமெரிக்காவில் இந்தப் படிப்பைத்தான் படித்து வருகிறார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவரைச் சிஸ்டர் நூலகத்துக்கு அழைத்து எங்கள் முன் உட்கார வைத்தார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக் கொண்டதால் இங்கே 'அக்கா' என்றே குறிப்பிடுகிறோம்.

என்ன படிப்பு இது?

கல்லூரியில் பி.ஏ. முடித்தபின் ஆங்கில இலக்கியத்தில் மேற்படிப்புக்குச் செல்ல விரும்புவோர் முன் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, பிறர் எழுதிய நூல்களை ஆராயும் பாதை. எம்.ஏ., பிஎச்.டி. ஆகியவை இதைச் சேர்ந்தவை. மற்றொன்று, தானே கதையும் கவிதையும் எழுதிப் பழகும் பாதை. இதற்கு அமெரிக்காவில் 'மாஸ்டர் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்', சுருக்கமாக எம்.எஃப்.ஏ., என்று பெயர். பெரும்பாலும் 2 அல்லது 3 ஆண்டுப் படிப்பு. முடிவில் ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பதிலாக ஒரு நாவலையோ, சிறுகதைத் தொகுதியையோ, கவிதைத் தொகுதியையோ சமர்ப்பிக்க வேண்டும்.

கதையைக் கொடுத்துப் பட்டம் வாங்குவதா என்று வியப்பாக இருக்கிறதல்லவா? இந்த வழக்கத்துக்கு ஏறக்குறைய நூறு வயதாகிறது. அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோள வயல்கள் சூழ்ந்த அயோவா மாநிலப் பல்கலைக்கழகம், மேற்பட்டங்களுக்குப் படைப்பிலக்கியத்தையும் ஏற்றுக் கொள்வதாக 1922ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. 1936இல் அங்கே 'எழுத்தாளர் பட்டறை' தொடங்கியது. இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970இல் இதே போன்ற எம்.ஏ. வகுப்பைத் தொடங்கியபோது அதில் சேர்ந்தவர் ஒரே ஒரு மாணவர்தான். அவர்தான் பின்னாளில் புகழ் பெற்ற நாவலாசிரியர் இயன் மெக்யூவன். 2017இல் நோபல் பரிசு பெற்ற கசுவோ இஷிகுரோவும் அந்த வகுப்பிலிருந்து வந்தவரே.

தமிழுக்கும் அயோவாவுக்கும் ஓர் உறவு உண்டு. எழுத்தாளர் அசோகமித்திரன் 1973இல் அங்கே நடைபெறும் சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்குச் சென்று சில மாதங்கள் தங்கியிருந்தார். அது பட்டப் படிப்பு அன்று. பல நாட்டு எழுத்தாளர்கள் கூடும் விருந்து போன்றது. அந்த அனுபவத்திலிருந்தே அவருடைய 'ஒற்றன்!' என்ற நூல் பிறந்தது.

'பட்டறை' என்று பெயர் வைத்தது பொருத்தமே. ஒரு மாணவி எழுதிய கதையை வகுப்பில் உள்ள பத்துப் பன்னிரண்டு பேரும் முன்னதாகவே படித்து வருவார்கள். பிறகு வட்டமாக உட்கார்ந்து, எது நன்றாக இருக்கிறது, எங்கே தொய்கிறது என்று பேசுவார்கள். அந்த நேரத்தில் எழுதியவள் வாய் திறக்கக் கூடாது என்பது பழைய வழக்கம். (இப்போது சில வகுப்புகளில் இவ்வழக்கம் தளர்ந்து வருகிறதாம்.) "பாவசங்கீர்த்தனத்தை விட இது கடினம். அங்கே நான் பேசலாம், இங்கே மற்றவர்கள் பேசுவார்கள்" என்று அக்கா சொன்னபோது சிஸ்டரும் சிரித்துவிட்டார்கள்.

நம்மைப் போல் ஒருத்தி

இந்தப் பட்டறையில் படித்தவர்களுள் நம் பள்ளி மாணவிகள் அவசியம் அறிய வேண்டியவர் ஃபிளானரி ஓ'கானர். 1925இல் அமெரிக்காவின் தென்பகுதியான ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் ஒரே மகளாகப் பிறந்தவர். கன்னியர் நடத்திய பள்ளியில்தான் எழுத்துக் கற்றார். தந்தையை நோய்க்குப் பறிகொடுத்தபோது அவருக்கு வயது 15. ஆம், எங்கள் வயதுதான்! பிறகு பெண்கள் கல்லூரி ஒன்றில் படித்தார். கல்லூரி இலக்கிய இதழுக்கு ஆசிரியராக இருந்தார். மாணவியர் செய்தித்தாளுக்குக் கேலிச் சித்திரங்களும் வரைந்தார்.

1945இல் இதழியல் படிக்க உதவித்தொகை பெற்று அயோவா சென்றார். சென்ற இடத்தில், தமக்கு வேண்டியது இதழியல் அன்று என்று உணர்ந்து, எழுத்தாளர் பட்டறையை நடத்திய பால் எங்கிள் என்ற கவிஞரின் அறைக்குப் போனார். அவர் பேசிய ஜார்ஜியாக் கொச்சை எங்கிளுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. சொல்ல வந்ததைத் தாளில் எழுதித் தரும்படி கேட்டார். தாம் பத்திரிகைக்காரி அல்லவென்றும், பட்டறையில் சேர முடியுமா என்றும் ஃபிளானரி எழுதிக் காட்டினார். பின்பு அவருடைய கதைகளைப் படித்துப் பார்த்த எங்கிள் அவரைச் சேர்த்துக் கொண்டார்.

பட்டறையில் படித்த நாட்களில் அவர் தினமும் திருப்பலிக்குச் செல்வாராம். நல்ல எழுத்தாளராக வேண்டும் என்று கடவுளை வேண்டி ஒரு செப நாட்குறிப்பும் எழுதி வந்தார். அது 2013இல் நூலாக வெளிவந்தது. 1947இல் பட்டம் பெற்றார். 25ஆம் வயதில் தந்தையைக் கொண்டுபோன அதே நோய் அவரையும் பற்றியது. தாயாரின் பண்ணைக்குத் திரும்பி, மயில்கள் வளர்த்துக் கொண்டு, காலை வேளைகளில் எழுதினார். 1964இல் 39 வயதில் காலமானார். இரண்டு நாவல்கள், முப்பதுக்கு மேற்பட்ட சிறுகதைகள். அவருடைய கதைகளின் முழுத் தொகுதிக்கு, இறந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 1972இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருது கிடைத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தப் பேச்சு எங்கிளுக்குப் புரியாமல் போயிற்றோ, அந்த ஊர் மக்களையும் அவர்கள் பேச்சையும் வைத்துத்தான் ஃபிளானரி கடைசி வரை எழுதினார்.

என்னென்ன அனுப்ப வேண்டும்?

இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம். இன்று எல்லாம் இணையத்தின் வழியேதான். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். விதிகள் இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். எனினும் பொதுவாகக் கேட்பவை இவை:

முதலாவது, மதிப்பெண் சான்றுகள். கல்லூரியில் படித்த எல்லா ஆண்டுகளுக்கும் வேண்டும். நம் பல்கலைக்கழகங்களிலிருந்து இவற்றை வாங்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் முன்கூட்டியே கேட்பது நல்லது. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நம் பி.ஏ. 3 ஆண்டுப் படிப்பு. அமெரிக்காவில் இளங்கலை 4 ஆண்டு. 3 ஆண்டுப் பட்டத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கும், சில ஏற்பதில்லை. அக்கா இங்கேயே எம்.ஏ. முடித்துவிட்டுப் போனதால் அவருக்கு இத்தொல்லை இல்லை.

இரண்டாவது, ஆங்கிலத் தேர்வு. டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். ஆகிய தேர்வுகளில் ஒன்றின் மதிப்பெண். இது 2 ஆண்டுகளுக்கே செல்லும். ஆங்கில வழியில் படித்தவர்களுக்குச் சில இடங்களில் விலக்கும் உண்டு. முன்பு ஜி.ஆர்.இ. என்ற தேர்வைப் பல இடங்களில் கேட்டார்கள். இப்போது பெரும்பாலான எழுத்துப் படிப்புகளுக்கு அது தேவையில்லை. ஆங்கில இலக்கியத்துக்கென்று இருந்த தனி ஜி.ஆர்.இ. தேர்வு 2021இல் நின்றே போயிற்று.

மூன்றாவது, சிபாரிசுக் கடிதங்கள். வழக்கமாக மூன்று. நம் எழுத்தைப் படித்து அறிந்த பேராசிரியர்களே இவற்றை நேரடியாக அனுப்ப வேண்டும். "பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் நான்கு வரியை விட, என்னுடைய மோசமான கட்டுரையைத் திருத்தித் தந்த மிஸ் எழுதிய இரண்டு பக்கம்தான் எனக்கு உதவியது" என்றார் அக்கா.

நான்காவது, நோக்கக் கடிதம். எதற்காக இந்தப் படிப்பு, ஏன் இந்தப் பல்கலைக்கழகம், இதுவரை என்ன படித்தோம், என்ன எழுதுகிறோம் என்பதை ஓரிரு பக்கங்களில் சொல்ல வேண்டும். "சிறு வயது முதலே எனக்குப் புத்தகங்கள் என்றால் உயிர்" என்று தொடங்க வேண்டாமாம். விண்ணப்பிக்கும் எல்லோருக்குமே அவை உயிர்தான்!

ஐந்தாவதும் முதன்மையானதும், எழுத்து மாதிரி. எம்.எஃப்.ஏ.வுக்கு நம் சொந்தக் கதையோ கவிதையோ. கதையானால் 20 முதல் 30 பக்கம், கவிதையானால் 10 பக்கம் அளவில் பல இடங்களில் கேட்பார்கள். சில இடங்களில் இன்னும் கூடுதலாகக் கேட்பதும் உண்டு. பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தால் கதைக்குப் பதில் 15, 20 பக்க ஆராய்ச்சிக் கட்டுரை. எந்தக் கேள்வியை ஆராயப் போகிறோம் என்பதையும் நோக்கக் கடிதத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த ஐந்தாவதுதான் வாசலைத் திறக்கும் சாவி. மதிப்பெண்கள் நம்மை வாசல் வரை கொண்டு போகும். உள்ளே அழைப்பது நாம் எழுதிய பக்கங்களே. அயோவா பட்டறையில் ஆண்டுக்குக் கதைப் பிரிவில் சுமார் 25 பேர், கவிதைப் பிரிவில் சுமார் 25 பேர்தான் சேர முடியும். விண்ணப்பிப்போர் அதைப் போல் பன்மடங்கு.

அக்கா அனுப்பிய இரண்டு கதைகள்

அக்கா நம் பள்ளியில் ஆங்கிலத்தில் எப்போதும் முதல் மாணவி. கல்லூரியிலும் அப்படியே. முதல் ஆண்டு 7 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். ஏழிலிருந்தும் "வருந்துகிறோம்" என்றே பதில் வந்தது.

"அப்போது நான் அனுப்பியது இங்கிலாந்துக் கிராமத்தில் நடக்கும் கதை. பனி பெய்யும், கணப்படுப்பு எரியும். நான் பனியைக் கண்டதே இல்லை. எல்லாம் நாவல்களில் படித்தது. ஒரு இலக்கணப் பிழை கிடையாது" என்றார் அக்கா. கல்லூரிப் பேராசிரியை அந்தக் கதையைப் படித்துவிட்டு, "இதில் தப்பே இல்லை. ஆனால் இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டாராம். அக்கா அன்றிரவு தூங்கவில்லை.

இரண்டாம் ஆண்டு வேறு கதை எழுதினார். அவருடைய பாட்டி தூத்துக்குடி உப்பளத்தில் உப்புச் சுமந்தவர். வெயிலில் உப்பின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும். கால் வெடிப்பில் உப்பு ஏறி எரியும். அந்தப் பாட்டி இரவில் காலுக்கு எண்ணெய் தடவிக் கொண்டே பேத்தியிடம் ஆங்கிலப் பாடத்தை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார். ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் நிறுத்த விடமாட்டார். அதுதான் கதை. அதை எழுதி, திருத்தி, மறுபடி எழுதி முடிக்க எட்டு மாதங்கள் ஆயின.

அந்த முறையும் 7 இடங்கள். ஐந்தில் இல்லை என்றார்கள். ஒன்றில் காத்திருப்போர் பட்டியல். ஒன்றில் இடமும் உதவித்தொகையும் கிடைத்தன.

இதைச் சொல்லிவிட்டு அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சிஸ்டரைப் பார்த்து, "இங்கே படிக்கும்போது பாட்டி என்ன செய்கிறார் என்று தோழிகள் கேட்டால், 'வீட்டில்தான் இருக்கிறார்' என்று சொல்லுவேன், சிஸ்டர்" என்றார். சிஸ்டர் எதுவும் சொல்லாமல் அவர் கையைப் பிடித்துக் கொண்டார்கள். நூலகத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்டது.

பெற்றோர் கவனத்துக்கு

"எல்லாம் சரி, பணத்துக்கு எங்கே போவது?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது.

விண்ணப்பக் கட்டணம் ஓரிடத்துக்குச் சுமார் 50 டாலரிலிருந்து 100 டாலருக்கு மேலும் இருக்கும். இடம் கிடைக்காவிட்டால் திரும்ப வராது. அக்காவுக்கு ஒவ்வொரு முறையும் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவு. முதல் முறை டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம். இரண்டாம் முறை அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. கேட்டால் சில பல்கலைக்கழகங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்ததாம். ஆகவே முதலில் கேட்டுப் பாருங்கள்.

அமெரிக்காவில் பல எம்.எஃப்.ஏ., பிஎச்.டி. படிப்புகளில் 'டீச்சிங் அசிஸ்டன்ட்' வேலை தருகிறார்கள். முதலாண்டு மாணவர்களுக்குக் கட்டுரை எழுதக் கற்பிக்க வேண்டும். அதற்கு ஈடாகக் கல்விக் கட்டணம் நீங்கும். வாழ்க்கைச் செலவுக்கு மாதந்தோறும் ஒரு தொகையும் கிடைக்கும். சிக்கனமாக இருந்தால் போதும் என்ற அளவுதான். எல்லாப் பல்கலைக்கழகங்களும் இவ்வாறு தருவதில்லை. முழுக் கட்டணமும் நாமே கட்ட வேண்டிய இடங்களும் உண்டு. இங்கிலாந்து எம்.ஏ. பெரும்பாலும் ஓராண்டில் முடியும். ஆனால் அங்கே உதவித்தொகை அரிது. "கடன் வாங்கி இந்தப் படிப்புக்குப் போகாதீர்கள்" என்று அக்கா கண்டிப்பாகச் சொன்னார். படித்தவுடன் வேலை நிச்சயம் என்று சொல்ல முடியாத படிப்பு இது. அமெரிக்கக் கல்லூரிகளில் எழுத்துக் கற்பிக்க எம்.எஃப்.ஏ. தகுதியாகும், ஆனால் இடங்கள் குறைவு. இங்கே திரும்பி வந்து கல்லூரி ஆசிரியராக விரும்பினால் நெட் தேர்வு, பட்டத்தின் சமன்மை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

காலக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். கோடையில் கதையைத் திருத்தி, எங்கெங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் சிபாரிசு கேட்க வேண்டும். விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் வரும். பிப்ரவரி, மார்ச்சில் முடிவுகள் தெரியும். உதவித்தொகையுடன் இடம் கிடைத்தால் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தர வேண்டும் என்று பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தமக்குள் உடன்பாடு செய்து கொண்டுள்ளன. பிறகு பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற படிவத்தை வைத்து விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வகுப்புகள் ஆகஸ்டு மாதத்தில் தொடங்கும்.

ஊட்டியும் நாங்களும்

அக்கா புறப்படும் முன் எங்கள் காம்போசிஷன் நோட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றார். எங்களுக்கு நடுக்கம். ஏனென்றால் அவற்றில் இருந்தது 'மலைவாசஸ்தலத்துக்கு ஒரு சுற்றுலா' என்ற கட்டுரை. 42 நோட்டுகளிலும் அதே ஊட்டி, அதே குளிர், அதே தாவரவியல் பூங்கா. எங்களில் ஊட்டிக்குப் போனவர்கள் மூன்றே பேர்! கைடில் இருந்ததை மனப்பாடம் செய்து எழுதி, பத்துக்கு எட்டும் ஒன்பதும் வாங்கியிருந்தோம். அக்கா நோட்டுகளை மூடி வைத்துவிட்டு, "நானும் இதே ஊட்டியைத்தான் எழுதினேன். பிறகு அதையே கொஞ்சம் மாற்றி இங்கிலாந்து என்று அனுப்பினேன்" என்றார். நாங்கள் சிரித்தோம். ஆனால் இம்முறை சிரிப்பு எங்களைப் பார்த்தே.

தவறில்லாமல் எழுதக் கற்பது வேண்டாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கணவாயைக் கடக்கச் செருப்பு வேண்டும். ஆனால் நடப்பது செருப்பன்று, கால்தான். இன்று கேட்ட மாத்திரத்தில் கணினியே பிழையில்லாத கட்டுரையை எழுதித் தந்துவிடுகிறது. ஊட்டியைப் பற்றிக் கேட்டால் எங்கள் 42 பேரை விட நன்றாகவே எழுதும். ஆனால் உப்பு ஏறிய பாட்டியின் காலை அது பார்த்ததில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் சிஸ்டர், "விடியற்காலை 5 மணிக்கு உங்கள் வீடு" என்ற தலைப்பைத் தந்தார்கள். கைடில் தேடிப் பார்த்தோம், இல்லை. வேறு வழியின்றி உண்மையை எழுதினோம். ஜூலை மாதத்தில் எங்கள் சிரிப்புக்கு ஆளான அந்தத் தோழி, தன் அம்மா இட்லிக்கு மாவு ஊற்றுவதைப் பற்றி எழுதியிருந்தாள். பள்ளிக்கு வரும் வழியில் இருக்கும் அந்த இட்லிக் கடையை நாங்கள் தினமும் கடந்துதான் வருகிறோம். அது அவள் அம்மாவின் கடை என்பது ஐந்து ஆண்டுகளாக எங்களுக்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை.

அவள் நோட்டில் சிஸ்டர் மதிப்பெண் போடவில்லை. "மீதியையும் எழுது" என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

தோழியரே, விண்ணப்பம் அனுப்ப இன்னும் ஆறேழு ஆண்டுகள் இருக்கின்றன. நம்மில் பலர் அந்தப் பக்கமே போகாமல் டாக்டராகவும் ஆடிட்டராகவும் ஆகிவிடுவோம். ஆனால் அந்த விண்ணப்பத்தின் ஐந்தாவது பகுதியை இன்றே, இந்த ஊரிலேயே, நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. கடைசி நாளும் இல்லை.

எங்கள் அபராதத்தைக் கட்டிவிட்டோம், சிஸ்டர்!